‘தானா விழுந்துட்டார்’னு சொல்லாதீங்க!

"என்ன இது! சித்த வைத்தியர் பிரண்டை, முடவாட்டுக்கால் என்று ஏதாவது சொல்லுவார்னு பார்த்தா, கோர்ட்டு கேஸுன்னு ஆரம்பிக்கிறாரே!" என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. காரணம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை நேரம். பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா தன் கணவரை ஆட்டோவில் வைத்து என் வைத்தியசாலைக்குக் கூட்டி வந்தார். கணவர் கட்டட மேஸ்திரி. வயது 38. இடது முழங்காலுக்குக் கீழே நன்றாக வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது.

"எப்படிம்மா ஆச்சு?"

"டிவிஎஸ்ல வந்துட்டு இருந்தாருங்க டாக்டர். தானா விழுந்துட்டாருங்க."

தானாக விழுந்தவருக்கு உள்ளங்கை சிராய்க்கும், முட்டி தேயும், தோள் இறங்கும். இவருக்கோ உள்ளங்கையில் ஒரு கீறல்கூட இல்லை. அடி விழுந்திருந்த இடம் சரியாக ஒரு காரின் பம்பர் உயரம். இரண்டு முறை கேட்டதும் அந்த அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "ஒரு கார்க்காரர் குறுக்கே திருப்பி இடிச்சுட்டாருங்க. நல்ல மனுஷன்தானுங்க. அவரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. கேஸு கீஸு வேணாம், செலவை நான் பார்த்துக்கறேன், டாக்டருகிட்ட தானா விழுந்ததாச் சொல்லிடுங்கன்னாரு. சொல்லிட்டேனுங்க."

ஐயாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறார். இரண்டாம் நாளே போன் ஸ்விட்ச் ஆஃப். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்றதும் பயந்துபோய், சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி என்னிடம் கட்டுப் போட வந்திருக்கிறார்கள்.

அவர்கள் கையில் இருந்த எக்ஸ்ரேயைப் பார்த்தேன். முழங்கால் மூட்டின் தளமே உடைந்திருந்தது. மூட்டுக்குள் போகிற முறிவை மூங்கில் தப்பையும் முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் வைத்துக் கட்டிச் சரிசெய்ய முடியாது. அப்படிக் கட்டினால் ஆயுசு முழுக்க நொண்டுவார். நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். எங்கள் முறை எதற்குப் பயன்படும் என்பதைச் சொல்லிக் கொடுத்த ஆசிரியர்களே, எதற்குப் பயன்படாது என்பதையும் சொல்லிக் கொடுத்தார்கள். "இப்பவே தர்மபுரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போங்க. எலும்பு டாக்டரைப் பாருங்க. அப்படியே போலீஸ் ஸ்டேஷனுக்கும் போய் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்க" என்று அனுப்பிவைத்தேன்.

கால் விஷயம் உங்களுக்குப் புரியும். ‘தானா விழுந்துட்டார்’ என்ற ஒரு வார்த்தைக்கு நான் ஏன் இவ்வளவு பதறினேன் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அடிபட்டால் மட்டும் போதாது

சட்டம் விபத்தை எப்படிப் பார்க்கிறது? ஒருவருக்குக் காயம் பட்டுவிட்டது என்பதாலேயே இன்னொருவர் பணம் கொடுத்துவிட வேண்டும் என்று ஆகிவிடாது. கோர்ட் முதலில் கேட்பது, யாருடைய கவனக்குறைவு என்பதை. அடுத்து, அந்தக் கவனக்குறைவால்தான் இந்தக் காயம் வந்ததா என்பதை. இந்த இரண்டும் தெரிந்த பிறகுதான், எவ்வளவு நஷ்டம் என்ற கணக்கு.

இப்போது யோசித்துப் பாருங்கள். ‘தானா விழுந்தார்’ என்றால் என்ன அர்த்தம்? கவனக்குறைவு அவருடையதே! இடித்தவர் என்று ஒருவர் இல்லை. அப்புறம் கோர்ட் யாரைப் பதில் சொல்லச் சொல்லும்? எந்த வண்டியின் இன்ஷூரன்ஸ் பணம் தரும்? சொந்த வண்டியில் தானே விழுந்தவருக்கு, அந்த வண்டிக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு எடுத்திருந்தால் அதிலிருந்து ஏதாவது வரலாம். அதுவும் உயிர் போனாலோ பெரிய ஊனம் ஆனாலோதான். மற்றபடி கதவு மூடிவிடும்.

அரசு ஆஸ்பத்திரியில் அடிபட்டவர் உள்ளே வந்ததும் விபத்துப் பதிவேடு எழுதுவார்கள். ‘ஏ.ஆர். காப்பி’ என்று வக்கீல்கள் கேட்பது இதைத்தான். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எதனால் அடிபட்டது என்று நீங்கள் சொல்வதை டியூட்டி டாக்டர் அப்படியே எழுதிக்கொள்வார். வலியில், பதற்றத்தில், யாரோ காதில் ஓதியதைக் கேட்டு நீங்கள் சொல்லும் அந்த ஒரு வரி இரண்டு வருஷம் கழித்து கோர்ட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இன்ஷூரன்ஸ் வக்கீல் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

தெய்வத்தின் செயலா?

நம் ஜனங்களிடம் இன்னொரு பழக்கம். "என்ன பண்றது, விதி!" என்று விட்டுவிடுவோம். நல்ல மனசுதான். ஆனால் எதிர்த்தரப்பும் இதையே கோர்ட்டில் வந்து சொன்னால்?

சொன்னார்கள். 1980-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த என்.கே.வி. பிரதர்ஸ் வழக்கு. நம் தமிழ்நாட்டு வழக்குதான். இருட்டின பிறகு போய்க்கொண்டிருந்த ஒரு பயணிகள் பஸ், தாழ்வாகத் தொங்கிக்கொண்டிருந்த உயர் அழுத்த மின்கம்பியில் மோதிவிட்டது. அடிபட்டவர்கள் 26 பேர். அதில் 8 பேர் அந்த இடத்திலேயே இறந்துபோனார்கள். டிரைவர் மீது போலீஸ் கிரிமினல் கேஸ் போட்டது. இது தெய்வச் செயல் என்று அந்தக் கோர்ட் அவரை விடுதலை செய்துவிட்டது. பஸ் கம்பெனி அதைப் பிடித்துக்கொண்டது. "டிரைவர் மேலேயே தப்பில்லைன்னு ஆயிடுச்சு, நாங்க எதுக்கு நஷ்ட ஈடு கொடுக்கணும்?"

நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒருவரை ஜெயிலுக்கு அனுப்பத் தேவைப்படும் நிரூபணம் வேறு, அடிபட்டவருக்கு ஈடு கொடுக்கத் தேவைப்படும் நிரூபணம் வேறு என்றார். கிரிமினல் கேஸில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். விபத்துத் தீர்ப்பாயத்திலோ, நடந்ததை வைத்துப் பார்த்தால் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். அப்படியும் இருக்கலாம், இப்படியும் இருக்கலாம் என்ற மயக்கங்களுக்கும், சட்ட நுணுக்கங்களுக்கும் இடம் கொடுத்து, அடிபட்டவர்களை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்பது அவர் சொன்னதன் சாரம். இன்றைக்கும் தீர்ப்பாயங்கள் இதை எடுத்துக்காட்டுகின்றன.

ஆகவே, "டிரைவரை விட்டுட்டாங்களாம், இனிமே ஒண்ணும் கிடைக்காது" என்று டீக்கடையில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் கூடுதல் அக்கறை வேண்டும். தொப்பூர் கணவாயைத் தாண்டாமல் நாங்கள் சேலம் போக முடியாது. தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும்போது நல்ல சரிவு. டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று கியரை நியூட்ரலில் போட்டுவிடுகிற லாரிகள் உண்டு. வெறும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். 2020 டிசம்பர் 12-ந் தேதி அங்கே ஒரு லாரி வரிசையாக வாகனங்களை இடித்ததில் 4 பேர் போனார்கள். 2024 ஜனவரி 24-ந் தேதி மறுபடி ஒரு கோரம், மறுபடி 4 பேர்.

"பிரேக் பிடிக்கலைங்க, டிரைவர் என்ன செய்வாரு?" என்று கேட்பவர்கள் உண்டு. கோர்ட் அதை அப்படியே விழுங்காது. வண்டியைச் சரியாகப் பராமரித்தேன், அப்படியும் திடீரென்று பழுதாகிவிட்டது என்று வண்டிக்காரர்தான் காட்ட வேண்டும். நியூட்ரலில் இறக்கினதால் போன பிரேக், தெய்வச் செயல் ஆகாது. டயர் வெடித்து ஜீப் கவிழ்ந்து, ரோட்டில் நடந்து போனவர் இறந்த ஒரு வழக்கில், டிரைவரின் கவனக்குறைவு நிரூபணமாகாவிட்டாலும் உரிமையாளருக்குப் பொறுப்பு உண்டு என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆபத்தான ஒன்றைப் பொது வழியில் ஓடவிட்டவர் அதன் விளைவுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்பது அதன் அடிப்படை.

டிரைவர் தப்புக்கு முதலாளி ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டால், வேலைக்கு வைத்தவர் அவர். முதலாளிக்காக இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுக்கிறது. டிரைவரிடம் சரியான லைசென்ஸ் இல்லாவிட்டால்? பெரும்பாலும், கம்பெனி முதலில் அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றுதான் உத்தரவாகிறது. 2004-ல் வந்த ஸ்வரண் சிங் வழக்குத் தீர்ப்பிலிருந்து வந்த வழி இது.

உங்கள் பக்கமும் தப்பு இருந்தால்?

இருவர் மீதும் தப்பு இருந்தால் கோர்ட் பங்கு பிரிக்கும். உங்கள் தப்பு நூற்றுக்கு இருபது என்றால், கிடைக்க வேண்டியதில் இருபது பங்கு கழியும். ஆனால் சட்டத்தை மீறியதும், விபத்துக்குக் காரணமாக இருந்ததும் ஒன்றல்ல. ஒரே பைக்கில் மூன்று பேர் போனது குற்றம்தான். அதனால்தான் விபத்து நடந்தது, அல்லது அதனால்தான் காயம் அதிகமானது என்று காட்டாமல் பணத்தைக் கழிக்கக்கூடாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஹெல்மெட்டும் இப்படித்தான். கால் உடைந்தவரிடம் ஹெல்மெட் போடாததைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. தலையில் அடிபட்டவர் என்றால் ஒரு பங்கைக் கழித்த தீர்ப்புகள் உண்டு. (பணம் கழிவது இருக்கட்டும். தலை போனால் எந்தத் தைலத்தாலும் ஒட்டவைக்க முடியாது. போட்டுக்கொண்டு போங்கள்!)

பின்னால் உட்கார்ந்து போனவருக்கு இந்தப் பங்கு பிரிப்பு பொருந்தாது. இரண்டு வண்டிக்காரர்களும் சேர்ந்து தப்பு செய்திருந்தாலும், அவர் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம்.

சர்க்கரை வியாதிக்காரருக்குக் கால் போனால்

இது என் துறை. சர்க்கரை உள்ள ஒருவர் பாதத்தில் ஒரு பைக் ஏறிவிடுகிறது. சின்னக் காயம்தான். அதுவே புண்ணாகி, அழுகி, கடைசியில் விரலை எடுக்க வேண்டி வந்துவிடுகிறது. "அது சர்க்கரையால வந்தது, எங்க வண்டியால இல்லை" என்று எதிர்த்தரப்பு சொல்லும். இங்கிலாந்தில் 1901-லேயே ஒரு வழக்கில் இதற்குப் பதில் வந்துவிட்டது. இடிபட்டவரின் மண்டை ஓடு மற்றவர்களைவிட மெல்லியதாக இருந்தது என்பது இடித்தவருக்குச் சாக்கு ஆகாது. அவர் எந்த உடம்போடு இருந்தாரோ அந்த உடம்போடுதான் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஆனால் காயத்தை நாமே கெடுத்துக்கொண்டால் கதை வேறு. உடைந்த எலும்பை எக்ஸ்ரே எடுக்காமல், யாரோ ஒருவரிடம் இழுத்துக் கட்டிக்கொண்டு, அது கோணலாகக் கூடிவிட்டால், "இந்தக் கோணல் விபத்தால் வந்ததா, கட்டினவரால் வந்ததா?" என்ற கேள்வி வரும். இதற்குப் பதில் சொல்ல ஆரம்ப நாள் எக்ஸ்ரே வேண்டும். அது இல்லாமல் எந்த வக்கீலும் திண்டாடுவார்.

இதில் எனக்கே ஒரு குற்ற உணர்வு உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், வேன் இடித்து முன்கை முறிந்த ஒரு பையனுக்குக் கட்டினேன். கை நன்றாகவே கூடியது. ஆனால் நான் ஒரு சீட்டுகூட எழுதி வைக்கவில்லை. தேதி கிடையாது, ரசீது கிடையாது, படம் கிடையாது. அவன் அப்பா கேஸ் போட்டபோது அந்தக் கை முறிந்திருந்தது என்பதைக் காட்டவே ஆதாரம் இல்லாமல் போய்விட்டது. அந்தக் குடும்பத்தை வழியில் பார்த்தால் இன்றும் எனக்கு முகம் கொடுக்கக் கூச்சம்தான். அன்றிலிருந்து என் வைத்தியசாலையில் எக்ஸ்ரே இல்லாமல் எலும்பைத் தொடுவதில்லை. விபத்துக் காயம் என்றால் முதலில் அரசு ஆஸ்பத்திரி, பிறகுதான் நான். நாட்டு வைத்தியம் பார்த்துக்கொள்ளும் நீங்களும், பதிவு பெற்ற வைத்தியரா என்று பார்த்து, பதிவு எண்ணோடு சீட்டும் ரசீதும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.

எத்தனை சதவீதம்?

ஊனச் சான்றிதழில் 30 சதவீதம் என்று போட்டிருந்தால், சம்பாத்தியத்திலும் 30 சதவீதம் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2010-ல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழகாக விளக்கியது. இடது கை போன ஒரு டிரைவருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போய்விடும். அதே கை போன ஒரு அரசாங்க குமாஸ்தா தன் நாற்காலியில் உட்கார்ந்து வேலையைத் தொடரலாம். ஆகவே உடம்பில் போனது எவ்வளவு என்பதோடு நிற்காமல், பிழைப்பில் போனது எவ்வளவு என்று தீர்ப்பாயம் பார்க்க வேண்டும். 2014-ல் ஒரு வழக்கு. வலது காலை இழந்த ஒரு காய்கறி வியாபாரிக்கு 85 சதவீத இழப்பு என்று உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. பாலக்கோடு தக்காளி மண்டியில் கூடை தூக்குகிறவர்களைப் பார்த்திருந்தால் இதன் நியாயம் உடனே புரியும்.

அதே 2010 தீர்ப்பில் என்னைப் போன்ற வைத்தியர்களுக்கும் ஒரு குட்டு உண்டு. வைத்தியமே பார்க்காமல் தாராளமாகச் சதவீதம் எழுதித் தருகிறவர்களை நம்பிவிடாதீர்கள் என்று தீர்ப்பாயங்களை எச்சரித்தது. வைத்தியம் பார்த்தவரோ மெடிக்கல் போர்டோ தருவதுதான் நிற்கும். ஒரு சதவீதத்தைக் கூட்டி எழுதச் சொல்லி என்னிடமும் வருகிறார்கள். அது உதவி இல்லை சாமி, உபத்திரவம்!

கணக்கு எப்படி வருகிறது என்பதற்கு ஒரு உதாரணம். மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்த 38 வயதுக்காரர். பிழைப்பில் 30 சதவீதம் போய்விட்டது என்று தீர்ப்பாயம் முடிவு செய்கிறது. வருஷத்துக்கு 1,80,000. அதில் 30 சதவீதம் 54,000. இதை வயதுக்கேற்ற ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். 2009-ல் சரளா வர்மா வழக்கில் வகுத்த பட்டியல்படி 36 முதல் 40 வயது வரை அந்த எண் 15. ஆக 8,10,000 ரூபாய். இவர் 40 வயதுக்குக் கீழே உள்ள சுயதொழிலாளி என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்காக இன்னொரு 40 சதவீதம் சேர்ந்தால் 11,34,000. வைத்தியச் செலவு, வலி வேதனை, வேலைக்குப் போகாத மாதங்கள் எல்லாம் தனி. அந்த கார்க்காரர் கொடுத்த ஐயாயிரத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்!

"நான் வீட்ல சும்மாதானே இருக்கேன்" என்று சொல்லும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. வீட்டு வேலைக்கு மதிப்புப் போட்டே இழப்பீடு கணக்கிட வேண்டும் என்று 2021-லும் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. சும்மா இருக்கிறேன் என்று கோர்ட்டில் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

நாள் முக்கியம்

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தப்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். கட்டுப் பிரித்த பிறகு பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். எங்கள் ஊர்க்காரர்கள் ஓசூர், பெங்களூர் என்று வேலைக்குப் போய் அங்கே அடிபடுகிறார்கள். அதற்காக அங்கேயே அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே போடலாம். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச உதவி உண்டு. இடித்த வண்டி எதுவென்றே தெரியாமல் போனாலும் அரசுத் திட்டத்தில், இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சமும், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் உண்டு.

முதல் நாள் செலவுக்குப் பயந்துதான் பலர் இடித்தவரிடம் சமாதானம் ஆகிறார்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2025-ல் மத்திய அரசும் ஏழு நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய்க்கு மிகாமல் பணமில்லாச் சிகிச்சையை அறிவித்தது. வெற்றுப் பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டிய அவசியமே இல்லை.

அந்த மேஸ்திரிக்கு வருவோம். அவர்கள் நான் சொன்னபடி போனார்கள். மூன்று நாள் தாமதமாகப் புகார் கொடுத்தார்கள். தாமதத்துக்குச் சரியான காரணம் இருந்தால் அதை வைத்தே வழக்கைத் தள்ளக்கூடாது என்று தீர்ப்பு இருக்கிறது. சம்பவத்தைப் பார்த்த ஒரு டீக்கடைக்காரர் சாட்சி சொல்ல வந்தார். ஆபரேஷன் முடிந்து நான்கு மாதம் கழித்து, முட்டி மடங்காமல் என்னிடம் வந்தார் மேஸ்திரி. எலும்பு டாக்டரின் சம்மதத்தோடு தைலமும் தொக்கணமும் செய்தேன். ஓரளவு மடங்கியது. சாரம் ஏற மட்டும் முடியவில்லை.

என்னையும் சாட்சிக் கூண்டுக்கு அழைத்தார்கள். இன்ஷூரன்ஸ் வக்கீல் கேட்டார்: "நீங்க எண்ணெய் போட்டு நீவினதாலதானே முட்டி கெட்டுப்போச்சு?" நான் என் நோட்டை நீட்டினேன். முதல் நாள் அவர் வந்த தேதி, வீக்கம் இருந்த இடம், உள்ளங்கையில் சிராய்ப்பு இல்லை என்ற குறிப்பு, ‘கட்டவில்லை, எலும்பு மருத்துவரிடம் அனுப்பினேன்’ என்ற வரி, ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை டிகிரி மடங்கியது என்ற கணக்கு. நீதிபதி வாங்கிப் பார்த்து, அந்தப் பக்கங்களைக் குறியீடு செய்யச் சொன்னார். ‘தானா விழுந்தார்’ என்ற வரி வந்தபோது அந்த அம்மா கூண்டில் ஏறி, யார் சொல்லச் சொன்னது என்பதை அழாமல் சொன்னார்.

தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. கம்பெனி ஐகோர்ட்டுக்கு அப்பீல் போயிருக்கிறது. அந்த அம்மா மாதம் ஒரு முறை தைலம் வாங்க வரும்போதெல்லாம் கேட்கிறார்: "எப்பங்க டாக்டர் கைக்கு வரும்?" நான் வக்கீலுக்குப் போன் போட்டுக் கொடுக்கிறேன்.